ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு உச்சிப்புளி சாலையில் ஒரு கருப்பட்டிக் காப்பிக் கடை

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில், உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் வருவதற்கு முன்னால் ஒரு கருப்பட்டிக் காப்பிக் கடை இருக்கிறது. பனையோலைக் கொட்டகை, முன்னால் இரண்டு பெஞ்சு, ஓரமாக ஒரு வேப்பமரம். கடைக்குத் தனியாகப் பெயர் கிடையாது. ‘கருப்பட்டிக் காப்பி, சுக்கு மல்லிக் காப்பி’ என்று தகரத்தில் பெயிண்டால் எழுதிக் கட்டியிருப்பார்கள். இந்த மாதிரிக் கடைகள் அந்தச் சாலையில் இப்போது நிறைய வந்துவிட்டன, அதனால் அடையாளம் சொல்கிறேன்: வாசலில் மண்பானையும் அதன்மேல் எவர்சில்வர் செம்பும் இருக்கிற கடை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், அதிலும் காப்பியை விடவும் முடியாமல் குடிக்கவும் பயந்துகொண்டு இருக்கிறவர்கள், இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் இங்கே வண்டியை நிறுத்தலாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ருசி மட்டும் காரணம் இல்லை.

நான் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். விசைப்படகுகள் கரை திரும்புகிற நாளில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். இறால் தனி, கணவாய் தனி, நண்டு தனி என்று பிரித்து எடை போட்டு, ஐஸ் வைத்து, வண்டி ஏற்றி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். சங்காயம் என்கிற கழிவு மீன் காயப்போட்டிருக்கிற நாற்றம் ஒரு பக்கம், டீசல் புகை ஒரு பக்கம், கடல் தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஒரு பக்கம். படகு போகாத நாளில் இது எதுவுமே கிடையாது. எட்டு மணி வரை தூங்கலாம். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வருவதற்கு முன்னால் இடது கண் ஓரத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு மின்னும். எழுதியிருக்கிற எண்ணில் நடு இலக்கம் மட்டும் தெரியாமல் போகும். 4,350 என்று எழுதியது 4, 50 என்று தெரியும். அப்புறம் கோடு மறைந்து, நெற்றிப் பொட்டில் துடிப்பு ஆரம்பிக்கும், கூடவே குமட்டல். அதற்கு மேல் யார் பேசினாலும் தாங்காது, வெளிச்சமும் தாங்காது, மீன் வாடை சொல்லவே வேண்டாம்.

இந்தத் தலைவலியில் காப்பிக்கு என்ன பங்கு என்பது எனக்கு ராமநாதபுரத்தில் பார்த்த நரம்பு டாக்டர் மூலமாகத்தான் புரிந்தது. அவர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டில் தூக்கம், சாப்பாடு, காப்பி, தலைவலி நான்கையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கணக்கு எழுதுவது என் தொழில், அதனால் ஒழுங்காக எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்: படகு வருகிற நாளில் தூக்கத்தை ஓட்டுவதற்குக் கிளாஸ் மேல் கிளாஸாகக் காப்பி, படகு வராத நாளில் காலையில் ஒன்றுகூடக் கிடையாது, அந்த நாளில்தான் மத்தியானத்துக்குள் தலை பிளக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதன் முதல் வாரம் எனக்கு எப்போதுமே கஷ்டமான வாரமாக இருந்ததற்கும் இதுதான் காரணம்.

டாக்டர் சொன்னது இதுதான். நாம் விழித்திருக்கிற நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. அதுதான் களைப்பையும் தூக்கத்தையும் கொண்டுவருகிறது, ரத்தக் குழாயையும் விரிய வைக்கிறது. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காப்பியில் இருக்கிற காஃபீன் என்ற பொருள் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் தூக்கம் கலைகிறது, விரிந்த குழாய் சுருங்குகிறது, சில பேருக்கு அந்த நேரத்துத் தலைவலியும் குறைகிறது. தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபீன் சேர்ப்பதும் இதனால்தான்: வலி மாத்திரையோடு 100 மில்லிகிராம் அளவுக்குக் காஃபீன் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் பேருக்குக் கூடுதலாகக் கேட்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தினமும் நிறையக் காப்பி குடிக்கிற உடம்பு அதற்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென்று காப்பி நின்றதும் அடினோசினுக்குத் தடை இல்லாமல் போகிறது, தலை வலிக்கிறது. நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இரண்டு வாரத்துக்கு மேலாகக் குடித்துவந்தவர்கள் நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் இந்த வலி வரலாம். முழுதாக விட்டுவிட்டால் 7 நாளுக்குள் அடங்கிவிடும். உலகத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டிலேயே இதற்குத் தனி இடம் இருக்கிறது.

ஆக, காப்பி நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எங்களுக்கு உதவாது. எவ்வளவு, எந்த நேரத்தில், தினமும் ஒரே மாதிரியா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலி உள்ள 98 பேரைத் தினமும் குறிப்பு எழுத வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காஃபீன் பானம் குடித்தவர்களுக்கு அதனால் தலைவலி கூடவில்லை. மூன்றோ அதற்கு மேலோ போன நாளில்தான் வாய்ப்பு கூடியது. என் நோட்டும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. காலையில் ஒன்று, தேவைப்பட்டால் பதினொரு மணிக்கு ஒன்று, படகு வந்தாலும் வராவிட்டாலும் இதே கணக்கு என்று வைத்துக்கொண்டேன். திடீரென்று நிறுத்தாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துத்தான் இந்த அளவுக்கு வந்தேன்.

அங்கேதான் இந்தக் கடை வருகிறது. மீன் கம்பெனி வேலையில் கையில் சூடாக ஒரு கிளாஸ் இல்லாமல் விடியற்காலையை ஓட்ட முடியாது. எல்லாரும் காப்பிக்கு எழும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. மூன்றாவது, நான்காவது கிளாஸுக்குக் காஃபீன் இல்லாத ஒன்று வேண்டும். சுக்கு மல்லிக் காப்பிதான் நம் ஊரில் இருக்கிற பதில். ஆனால் சாலையோரக் கடை எல்லாவற்றிலும் இதை நம்ப முடியாது. நிறத்துக்கும் மணத்துக்கும் அரைக் கரண்டி காப்பித்தூளைச் சேர்த்துக் கொதிக்கவிடுகிற கடைகள் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் மாலையில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், மறுநாள் தலைவலி. கேட்டபோது, ‘கொஞ்சம் தூள் போட்டாத்தானேம்மா காப்பி’ என்று சொன்னார்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குத் தெரியாமல் குடித்தது பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். தூக்கம் கெட்டால் ஒற்றைத் தலைவலிக்கு அதைவிட அழைப்பு வேண்டாம்.

உச்சிப்புளி சாலைக் கடையில் முதல் தடவையே கேட்டேன். அடுப்பில் நின்ற அக்கா, “இல்ல தாயி, சுக்குக்குள்ள தூள் போட மாட்டோம். தூள் வேணும்னா கருப்பட்டிக் காப்பி இருக்கு, அது வேற பாத்திரம்” என்றார். சொன்னதோடு இல்லாமல் மூடியைத் திறந்தும் காட்டினார். இரண்டுக்கும் வேறு வேறு பித்தளைப் பாத்திரம், வேறு வேறு கரண்டி, வேறு வேறு வடிகட்டி. சுக்குப் பாத்திரத்துக்கு வெள்ளைத் துணி, காப்பிக்குக் கம்பி வலை. நான் இந்தக் கடைக்கு முதல் மதிப்பெண் போடுவது இதற்குத்தான். காஃபீனை அளந்து குடிக்க வேண்டியவர்களுக்குக் கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிவதுதான் பாதி வைத்தியம்.

சுக்குக் காப்பியை அவர்கள் செய்கிற விதத்தை நின்று பார்த்திருக்கிறேன். சுக்கை முதலில் கத்தியால் சுரண்டித் தோலை எடுத்துவிடுகிறார்கள். சுக்குக்குப் புறத்தே நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தே நஞ்சு என்று சொல்வார்களே, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அப்புறம் இரும்பு உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்கிறார்கள். மாவாக்குவதில்லை, மாவாக்கினால் அடியில் மண்டி நிற்கும், தொண்டையிலும் பிடிக்கும். மல்லியை வெறும் சட்டியில் வறுத்து, மிளகு, சீரகம், ஏலக்காயோடு தனியாக இடிக்கிறார்கள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து முதலிலேயே வடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் நல்ல கருப்பட்டியில் மண்ணும் தூசியும் கட்டாயம் இருக்கும். வடித்த பாகு தனியாக ஒரு தூக்குச்சட்டியில் நிற்கும். கேட்கிற நேரத்தில் சுக்குத் தண்ணீரையும் பாகையும் கிளாஸில் சேர்க்கிறார்கள். இதனால் இனிப்பைக் கூட்டியோ குறைத்தோ வாங்கலாம். எனக்கு அரை இனிப்பு என்பது அந்த அக்காவுக்கு இப்போது சொல்லாமலே தெரியும்.

கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்கிறார்கள். பதநீர் இறக்குகிற காலத்தில் வாங்கி ஓலைப் பெட்டியில் அடுக்கிவைக்கிறார்கள். கையில் எடுத்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே கறுத்த பழுப்பு நிறம், நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசாக உப்பும் சுண்ணாம்பின் காரமும் தெரிகிறது. கலயத்தில் பதநீர் புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவுவார்கள், அந்த ருசி கடைசி வரை தங்கும். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாக ஓடுகிற காலத்தில் இது பெரிய விஷயம்.

ருசி? சுக்கின் காரம் முதலில் தெரியாது. முதல் மடக்கில் கருப்பட்டியும் வறுத்த மல்லியும்தான். விழுங்கின பிறகு தொண்டையின் அடியில் மெல்லச் சூடு ஏறி, காது மடல் வரை வந்து நிற்கும். குமட்டலோடு வந்து குடிக்கும்போது, கிளாஸ் முடிவதற்குள் வயிறு கொஞ்சம் அமைதியாவதை நான் உணர்ந்திருக்கிறேன். கிளாஸ் 15 ரூபாய். கண்ணாடி கிளாஸில் விளிம்பு வரை தருகிறார்கள். பேப்பர் கப் கேட்டால் மட்டும்தான்.

இப்போது முக்கியமான கேள்வி: சுக்கு உண்மையிலேயே ஒற்றைத் தலைவலிக்குக் கேட்குமா? ‘சுக்குக்கு மிஞ்சின மருந்தும் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சின தெய்வமும் இல்லை’ என்று அம்மா சொல்வார். எனக்கு அந்தச் சொலவடை பிடிக்கும், ஆனால் டாக்டரிடமும் கேட்டேன், தேடியும் படித்தேன். ஈரானில் 100 பேரை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தலைவலி தொடங்கின நேரத்தில் ஒரு பாதிப் பேருக்கு 250 மில்லிகிராம் சுக்குப்பொடி, மறு பாதிப் பேருக்கு ஒற்றைத் தலைவலிக்கென்று டாக்டர்கள் கொடுக்கிற சுமாட்ரிப்டான் மாத்திரை. இரண்டு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது, சுக்கு சாப்பிட்டவர்களுக்குப் பக்க விளைவு குறைவு. 250 மில்லிகிராம் என்பது தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த மூன்றாவது பிரிவு கிடையாது, அதனால் முழுதாக நம்பி உட்கார முடியாது. பிரேசிலில் பிறகு நடந்த ஆய்வில், வராமல் தடுக்கட்டும் என்று மூன்று மாதம் தினமும் இஞ்சி மாத்திரை கொடுத்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலாக ஒன்றும் செய்யவில்லை. அதே நாட்டில் இன்னோர் ஆய்வில், வலி வந்த நேரத்தில் நரம்பில் ஊசியாகப் போட்ட வலி மருந்தோடு இஞ்சியும் சேர்ந்தபோது பலன் கூடியது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான் எடுத்துக்கொண்டது: சுக்குக் காப்பி தினமும் குடித்தால் தலைவலி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொடங்குகிற நேரத்தில் குடித்தால் குமட்டலுக்கும் வலிக்கும் துணையாக இருக்கலாம். அதைவிடப் பெரிய உதவி, அது காப்பியின் இடத்தில் வந்து உட்கார்ந்து காஃபீனைக் குறைத்துக் கொடுப்பது. கடைக்கார அண்ணனும் இதில் பொய் சொல்வதில்லை. சுற்றுலா வந்த ஒருவர், இது மைக்ரேனைக் குணப்படுத்துமா என்று கேட்டதற்கு, “வயித்துக்கு நல்லதுண்ணே, தலைக்கு டாக்டர்ட்ட காட்டுங்க” என்றார். மூலிகை வியாபாரத்தில் இப்படிப் பேசுகிற வாய் அபூர்வம்.

சுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் நிறையக் குடிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பட்டி என்றால் சர்க்கரை நோய்க்கு ஆகும் என்ற பேச்சு எங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, அதுவும் சர்க்கரைதான். இந்தக் கடையில் பாகு சேர்க்காமலும் கேட்டு வாங்கலாம், கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான்.

சரி, காப்பி எப்படி? நன்றாகவே இருக்கிறது. கருப்பட்டி வரக்காப்பி 15, பால் சேர்த்தது 20. கருப்பட்டியோடு பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், அதனால் கடைசியில் கிளாஸில்தான் பால் சேர்க்கிறார்கள். தூள் சிக்கரி கலந்தது. சிக்கரியில் காஃபீன் கிடையாது, ஆகவே சிக்கரி கூடின தூளில் காஃபீன் குறைவு. நம் நாட்டுச் சட்டப்படி காப்பி சிக்கரி கலவையில் 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருப்பார்கள், தலைவலி உள்ளவர்கள் அதைப் பார்த்து வாங்குவது நல்லது. கொட்டை ரகமும் முக்கியம்: அராபிகாவைவிட ரொபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அண்ணனிடம் கேட்டால் பாக்கெட்டையே எடுத்து நீட்டிவிடுகிறார். நான் குறைத்துப் போடச் சொல்வேன், போடுகிறார். என் காலைக் காப்பியை அவர் கடையிலேயே குடிக்கிற நாளும் உண்டு.

மண்பானைத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் நல்ல தண்ணீர் எளிதில்லை. போர் போட்டால் உப்பு, வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் அல்லது குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் பிடித்துவைப்பது. காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரை மக்கள் அளந்துதான் குடிக்கிறார்கள். மீன் கொட்டகையில் பெண்கள் கழிவறை வசதி இல்லாததாலும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? இந்தக் கடையில் பானை நிறைய நல்ல தண்ணீர் வைத்து, காப்பி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குடிக்கச் சொல்கிறார்கள். வெட்டிவேர் போட்டிருப்பார்கள். நான் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சுக்குக்கே சொல்வேன்.

எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிற லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவருக்கும் இதே தலைவலி. அவருக்கு நோன்பின் முதல் மூன்று நாளும் நரகமாக இருக்கும். பசியால் என்றே நினைத்திருந்தார். சாப்பாடு இல்லாததும் காரணம்தான், ஆனால் பகல் முழுக்கக் காப்பி நின்றுபோவதும் சேர்ந்துகொள்கிறது. நோன்புத் தலைவலியை ஆராய்ந்தவர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நோன்புக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு கிளாஸாகக் குறைத்து, இரண்டாவது கிளாஸை இந்தக் கடைச் சுக்குப் பொடிக்கு மாற்றி, விடியும் முன் சாப்பிடுகிற சஹரில் மட்டும் ஒரு சின்னக் காப்பி என்று வைத்துப் பார்த்தார். போன நோன்பில் முதல் நாளே நண்டு மேசைக்கு வந்து நின்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அமாவாசைக்கு விரதம் இருந்து ராமேசுவரம் போகிறவர்களும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மருந்து இல்லாத வழிகளில் எனக்குச் சுக்கைவிட அதிகம் உதவியது ஐஸ். எங்களிடம் அதற்குப் பஞ்சமில்லை. உடைத்த ஐஸை ஒரு துண்டில் சுற்றி, கழுத்துக்குப் பின்னால் வைத்து, இருட்டாக இருக்கிற பெட்டி அறையில் அரை மணி நேரம் உட்காருவேன். ஹவாயில் 2013இல் வெளியான ஆய்விலும் தலைவலியின் தொடக்கத்தில் கழுத்தைக் குளிரவைத்தவர்களுக்கு அரை மணியில் வலி குறைந்தது. தோலில் ஐஸை நேராக வைக்காதீர்கள், துணி கட்டாயம். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது பாட்டி காலத்து வழக்கம். எனக்கு எரிச்சல்தான் மிச்சம், சிலருக்குச் சுகமாக இருக்கிறது. தைலமும் அப்படித்தான், வாடையே ஆகாதவர்களுக்கு அது இன்னும் கூட்டிவிடும். இது எல்லாவற்றுக்கும் மேலே, படகு வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் ஏதாவது சாப்பிட்டுவிடுவது. கடையில் காலையில் அவித்த பனங்கிழங்கும் சுண்டலும் கிடைக்கின்றன, வெறும் வயிற்றுக்கு நல்ல ஏற்பாடு. பனங்கிழங்கு பருவத்தில் மட்டும்தான், மார்கழி தை மாதங்களில்.

பெட்டிக்கடை மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடலுக்குப் போகிறவர்கள் பை நிறைய வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் அட்டையிலிருந்து ஒன்றிரண்டாகக் கிழித்துத் தருகிற தலைவலி மாத்திரைகளில் காஃபீன் சேர்ந்தவையும் உண்டு. இந்த மாதிரிக் கூட்டு மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அளவோடு போடுகிறேன், வருகிற நாள் குறைந்ததால் போடுகிற நாளும் குறைந்தது. திடீரென்று இடி விழுந்த மாதிரி உச்சகட்ட வலி, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாக வருகிற தலைவலி, இவற்றுக்குச் சுக்கும் வேண்டாம் ஐஸும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் காஃபீனை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது, மாத்திரையைத் தானாகப் போடவே வேண்டாம்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. விறகடுப்பு. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புகை முழுவதும் பெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. தலைவலி தொடங்கின நிலையில் போனால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. அந்த நேரத்தில் வேப்பமரத்தின் மறுபக்கம் போய் நிற்பேன், அக்கா கிளாஸை அங்கேயே கொண்டுவந்து தருவார். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் நேராகப் பெஞ்சில் விழுகிறது, ஒரு தட்டி கட்டினால் போதும், இன்னும் கட்டவில்லை. சனி, ஞாயிறில் தனுஷ்கோடி போகிற வேன்கள் வரிசையாக நிற்கும், ஹாரன் சத்தம் தாங்காது. காதும் தலையும் லேசானவர்கள் அந்த நேரத்தைத் தவிர்க்கலாம். கூட்ட நேரத்தில் கல்லாவுக்கும் அடுப்புக்கும் பையன் ஒருவன் நிற்கிறான், நல்ல பிள்ளை, ஆனால் அவசரத்தில் கரண்டியை மாற்றிவிடுவானோ என்று எனக்குப் பயம். அப்போது ‘தூள் வேண்டாம், சுக்கு மட்டும்’ என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்குச் சுக்கு மல்லிப் பொடி பாக்கெட்டாக விற்கிறார்கள், 100 கிராம் 80 ரூபாய். கருப்பட்டி சேர்க்காத பொடி, அதனால் சர்க்கரை நோயாளிகளும் வாங்கலாம். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள், காப்பித்தூள் கிடையாது. ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் முக்கால் ஆகிற வரை கொதிக்கவிட்டு வடித்தால் கடை ருசி வரும். ஆனால் சீட்டில் பொடி இடித்த தேதி இல்லை. மல்லி வறுத்து இடித்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் மணம் நிற்காது. தேதி போடச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை, இந்த வாரம் இடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்வார்.

காலை ஐந்து மணிக்கெல்லாம் அடுப்பு பற்றவைத்துவிடுகிறார்கள், இரவு எட்டரை வரை இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் மூடுவார்கள். போன் மூலமும் பணம் கொடுக்கலாம், சிக்னல் இல்லாத நேரத்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் உச்சிப்புளியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பதுதான் சுலபம். ராமேசுவரம் பஸ் எல்லாம் கடை வாசலில் நிற்காது.